ஒன்று ஊதினால் நிறுத்து

கேரள எல்லை ஊரான வெள்ளறடையில் எங்கள் பக்கத்து வீட்டுப் புஷ்பபாய் மாமியிடம் வாய் கொடுத்து ஜெயித்தவர்கள் கிடையாது. அவளுடைய கணவர் பொன்னையன் மாமா, பனச்சமூட்டிலிருந்து மார்த்தாண்டம் போகும் தமிழ்நாட்டு பஸ்ஸில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது ஞாபகம் போய்விட்டது. மாமியின் பெயரே சில நாள் வாயில் வராது. கொஞ்சம் கண் அசந்தால் போதும், கேட்டைத் திறந்து ரோட்டில் இறங்கிவிடுவார்.

பூட்டி வைக்கச் சொன்னவர்களை மாமி கிழித்துத் தொங்கவிட்டாள். மனுஷன் என்ன கோழியா, கூட்டில் அடைக்க? அதற்குப் பதில் மாதம் ஒரு தடவை பஸ் பிடித்துத் திருவனந்தபுரத்துத் தோட்டங்களுக்கு அவரைக் கூட்டிப் போக ஆரம்பித்தாள். ஒரு தடவை கனகக்குன்று, ஒரு தடவை மியூசியம். தோட்டத்துப் பாதை எங்கே சுற்றினாலும் புறப்பட்ட இடத்திலேயே கொண்டு விடும், ஆள் தொலையாது என்பது அவள் நியாயம். அந்த மரங்களுக்குக் கீழே நடக்கும்போது மாமாவின் முகம் தெளிந்துவிடுமாம்.

மகள் லிஜாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. பாவம், அவளுக்குப் பயம். நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் அப்பாவுக்கு இடம் சொல்லி வைத்திருந்தாள். துபாயில் இருக்கும் தம்பி சிபியும் தலையாட்டிவிட்டான். கடைசியாக ஒரு தடவை தானும் கூட வருவதாகவும், ஏதாவது குழப்பம் நடந்தால் மறுநாளே இல்லம்தான் என்றும் லிஜா சொன்னாள். வீம்புக்கு மாமியும் சம்மதித்தாள். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டாள்.

மியூசியத் தோட்டத்தில் மாமாவைப் பெஞ்சில் உட்கார வைத்த உடனே அம்மாவும் மகளும் தொடங்கிவிட்டார்கள். பெற்ற அப்பனைத் தள்ளிவிடப் பார்க்கிறாய் என்று மாமி. அப்பா பஸ்ஸில் அடிபட்டால் நீ பதில் சொல்வாயா என்று லிஜா. நடுவில் மத்தியஸ்தம் பண்ண நான். அந்த நேரம் புல்லை மிதித்த யாரையோ பார்த்துக் காவலாளி இரண்டு தரம் விசில் அடித்தார். நாங்கள் சண்டை மும்முரத்தில் கண்டுகொள்ளவில்லை.

திரும்பினால் பெஞ்ச் காலி. மாமா வாசலைத் தாண்டி ரோட்டில் இறங்கிக்கொண்டிருந்தார். லிஜா "அப்பா" என்று கத்தினாள். மாமியும் கத்தினாள். அவர் காதில் எதுவும் விழுந்த மாதிரியே தெரியவில்லை.

மாமிக்கு அப்போதுதான் பொறி தட்டியது. கேரளா பஸ்ஸில் கயிற்றை இழுத்து மணி அடிப்பார்கள். மாமா ஓட்டிய வண்டியில் கண்டக்டர் வாயில் விசில். இரண்டு ஊதினால் எடு, ஒன்று ஊதினால் நிறுத்து. காவலாளி இரண்டு ஊதினார், மனுஷன் வண்டியை எடுத்துவிட்டார்! மாமி ஓடிப்போய்க் காவலாளியின் கழுத்துக் கயிற்றோடு விசிலைப் பிடுங்கி ஒன்று ஊதினாள்.

மாமா நின்றார். நடுரோட்டில் நின்றார்.

வளைவில் ஒரு பஸ் வேகமாகத் திரும்பியது. ஓடப் பார்த்த லிஜாவை நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மாமா ஸ்டியரிங்கைப் பிடித்த மாதிரி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு அசையாமல் நிற்கிறார். மாமி விசிலை மறுபடி வாயில் வைத்தாள். அவசரத்தில் அது நழுவியது. திரும்பப் பிடித்து இரண்டு ஊதினாள். பஸ் எங்களுக்கும் அவருக்கும் நடுவே பாய்ந்து போனது. அது போய் முடியும்வரை எங்களுக்கு அவரைத் தெரியவில்லை.

எதிர்ப்பக்கம் நடைபாதையில் மாமா முழுசாக நின்றார். ஓடிப்போன மாமியிடம், "எல்லாரும் ஏறியாச்சா?" என்று கேட்டார்.

"ஏறியாச்சு," என்றாள் மாமி. பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "கெட்டி வந்த நாள்ல இருந்து நான் சொல்லி ஒரு வார்த்த கேட்டிருக்காரா இந்த மனுஷன்? விசிலுக்கு மட்டும் கேக்குத காதாக்கும்," என்று சொல்லிச் சேலைத் தலைப்பில் முகத்தைப் புதைத்து அழுதாள். திட்டிக்கொண்டே பின்னால் வந்த காவலாளியும் அதைப் பார்த்து விசிலை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினார்.

அந்த நேரம் பார்த்து லிஜாவுக்கு சிபியின் போன். இல்லத்தில் நாளைக்கு வருவதாகச் சொல்லிவிடலாமா என்று கேட்கிறான். சொன்ன சொல்படி பார்த்தால் மாமி தோற்றுவிட்டாள். மாமாவின் கையை மட்டும் விடவில்லை.

லிஜா போனைக் காதில் வைத்தபடி அப்பாவைப் பார்த்தாள்.

"வேண்டாம்லே," என்றாள். "அப்பாக்க வண்டியில கண்டக்டர் உண்டு."