ஆளுக்கொரு காது

ஜொகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கி போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு அக்கா உட்கார்ந்திருந்தார். தொழிற்சாலைச் சீருடை, அதற்குக் கொஞ்சமும் பொருந்தாத பெரிய ஜிமிக்கி. எதைப் பேசினாலும் முடிப்பதற்குள் அவருக்கே சிரிப்பு வந்துவிடும்.

கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து அவர் தங்கச்சிக்கு அன்றுதான் பிரசவம். பதற்றத்தில் போனைத் தண்ணீரில் போட்டுவிட்டாராம். திரை தெரிந்தது, சத்தம் மட்டும் வரவில்லை.

"தம்பி, உங்க காதுல இருக்கிறதை என் போனோட சேர்த்துப் பாருங்களேன்."

"இது வேற கம்பெனி அக்கா. என் போனுக்குத்தான் சரியா வரும்னு கடையில சொன்னாங்க."

"ஜாதகமா பாக்குறீங்க? சும்மா போட்டுப் பாருங்க லா!"

இரண்டு முறை சேரவில்லை. மூன்றாவது முறை இயர்பட்ஸில் 'டிங்' என்றது; இரண்டையும் கழற்றி அவரிடம் கொடுத்தேன். அதே நேரம் தங்கச்சி வீட்டுக்காரர் அழைத்தார்.

"எனக்குப் பயமா இருக்கு. நீங்களும் கேளுங்க" என்று ஒன்றை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

முதலில் ஒரு ஆண் அழும் சத்தம். அப்புறம் "அக்கா, பொண்ணு!" பின்னாலேயே ஒரு வீறல்.

"அலமாக்!" என்று அக்கா மலாயில் கத்திய கத்தலில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நானும் ஏதோ கத்தினேன். முன்பின் தெரியாத இருவரும் கைகோத்துக் குதித்தோம். யாரோ கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள்.

ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் அக்கா ஒற்றை இயர்பட்டோடு இறங்கி ஓடினார். அழைப்பு இன்னும் துண்டிக்கப்படவில்லை; பஸ் கிளம்பிய பிறகும், வாசலில் நின்ற தங்கச்சி வீட்டுக்காரரின் போன் வழியாக அவர் பேச்சு என் காதில் கேட்டது.

"பஸ்ஸுல ஒரு தம்பி இருக்கு பாரு, அது..."

முடிப்பதற்குள் அவருக்கே சிரிப்பு வந்தது. சத்தம் அறுந்தது. நான் எப்படி என்று சொன்னாரோ, இன்றுவரை தெரியாது.