பர்மாம்மா ஊற்றிய கூழ்

போன ஞாயிறு புதுப்பட்டினம் மார்க்கெட்டில் வஞ்சிரம் விலை கேட்டேன். மீன்காரம்மா விலையைச் சொல்லாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, நீ பர்மாம்மா பொண்ணு தான?"

தூக்கிவாரிப் போட்டது. நாங்கள் புதுப்பட்டினத்தை விட்டுக் கிளம்பி எத்தனையோ வருஷம் ஆயிற்று. அம்மாவும் போய்விட்டாள். ஆனால் அவள் கொடுத்த இந்தச் சின்னக் கண்ணும் சப்பை மூக்கும் இருக்கின்றனவே... எங்கே போனாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

"நான் கன்னியம்மா. தோ, இவதான் செல்வி" என்று பக்கத்தில் கை காட்டினார். ஐம்பது வயசு மதிக்கத்தக்க பெண் ஒருவர், காதுக்கும் தோளுக்கும் நடுவில் செல்போனை இடுக்கிக்கொண்டு இறால் உரித்துக்கொண்டிருந்தார்.

செல்வி! எங்கள் வீட்டில் அந்தப் பேர் அடிபடாத வாரமே கிடையாது. அம்மா செய்த ஒரே பாவத்தின் பெயர் அது.

அம்மா அசல் பர்மாக்காரி. அரிசி மில் மேஸ்திரியாக அங்கே போன அப்பாவைக் காதலித்துக் கட்டிக்கொண்டவள். தமிழர்கள் அங்கிருந்து கிளம்ப வேண்டி வந்தபோது அப்பாவோடு கப்பலேறினாள். எழுபதுகளின் தொடக்கத்தில் கல்பாக்கம் பக்கம் கட்டுமான வேலையில் அப்பாவுக்கு ஸ்டோர் கீப்பர் உத்தியோகம். புதுப்பட்டினத்தில் குடியேறினோம்.

அம்மா தமிழ் கற்றுக்கொண்டது கடலோரக் குப்பத்துப் பெண்களிடம். அதனால் கடைசி வரை 'இன்னா', 'வூடு'தான். எங்களை ஸ்கூலுக்கு விரட்டிவிட்டுக் குப்பத்துக்குப் போனால் சாயங்காலம்தான் திரும்புவாள். மாசமாயிருக்கிற பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, மீன் விற்கப் போனவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது, சொறி சிரங்குக்கு மருந்து போடுவது... சங்கம் உண்டா, சம்பளம் உண்டா? ஒன்றும் கிடையாது. எங்கள் வீட்டு அடுப்பில் பால் பொங்கி வழிவது அவளுக்குத் தெரியாது. குப்பத்தில் எந்தக் குழந்தைக்கு வயிற்றால் போகிறது என்பது தெரியும். "உங்கம்மாவை ஒரு நாள் நம்ம வீட்டுக்கு விருந்துக்குக் கூப்பிடணும்" என்பார் அப்பா.

பர்மாவை விட்டாலும் அவள் விடாத பழக்கம் ஒன்று உண்டு. அங்கே பெண்கள் ஒரு மரக்கட்டையைக் கல்லில் உரசி, வெளிர் மஞ்சளாகக் கன்னமெல்லாம் பூசிக்கொள்வார்கள். வெயிலுக்குக் குளிர்ச்சி. இங்கே அம்மா விளாமரக் கட்டையை உரசிப் பூசிக்கொள்வாள்.

அந்த மஞ்சள் முகத்தோடுதான் ஒரு சித்திரை மத்தியானம் கன்னியம்மா வீட்டைத் தாண்டிப் போயிருக்கிறாள். வாசலில் வேப்பிலை. வீட்டில் யாருக்கோ அம்மை வார்த்திருக்கிறது என்று அர்த்தம். வெளியாள் உள்ளே போகக் கூடாது. தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை அம்மை கண்டவரும் வெளியே வரக் கூடாது. வீட்டுக்கு ஆத்தா வந்திருக்கும்போது ஆஸ்பத்திரி என்ற பேச்சையே யாரும் எடுக்க மாட்டார்கள்.

அம்மாவுக்கு இதெல்லாம் தெரியும். ஆனால் உள்ளேயிருந்து குழந்தை மூச்சுக்குத் திணறும் சத்தம் கேட்டது. நுழைந்துவிட்டாள்.

பாயில் இரண்டு வயசுச் செல்வி. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா உள்ளே போய் வருகிறது. தலைமாட்டில் கன்னியம்மா, கதவோரம் அவருடைய மாமியார். அம்மா வாயைத் திறப்பதற்குள் கன்னியம்மா தடாலென்று அவள் காலில் விழுந்தார்.

"ஆத்தா! நீயே வந்துட்டியா! எம் புள்ளைய இன்னா பண்ணட்டும், சொல்லு தாயே!"

'நான் சாமி இல்லம்மா, பர்மாக்காரி' என்று அம்மா சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. குழந்தையைப் பார்த்தாள்.

"புள்ளைய எடு. செங்கல்பட்டுக்கு இட்டுகினு போ. இப்பவே!"

மாமியார் கும்பிட்டு வழிவிட்டார். ஜல்லி இறக்கிவிட்டுத் திரும்பிய லாரியை நிறுத்தி ஏற்றினார்கள். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் செல்வி பிழைத்துக்கொண்டாள்.

அம்மாவுக்குத்தான் நிம்மதி போயிற்று. புத்தரைக் கும்பிடுகிறவள், பொய் ஆகவே ஆகாது. "ஆத்தா எம்மேல எறங்கிட்டான்னு நம்புன ஜனத்த ஏமாத்திட்டனே" என்று எங்களிடம் புலம்புவாள். அதற்குப் பரிகாரமாக ஒவ்வொரு ஆடியிலும் குப்பத்து மாரியம்மன் கோயிலில் அண்டா நிறையக் கேழ்வரகுக் கூழ். தொட்டுக்கொள்ளக் கருவாட்டுக் குழம்பு. நாங்கள் சென்னைக்கு வந்த பிறகும், முட்டி வலியோடு பஸ் பிடித்துப் போய் ஊற்றினாள். கடைசியாகப் படுத்திருந்தபோதுகூட "ஆத்தா மன்னிச்சிருப்பாளா?" என்று என்னைக் கேட்டாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இதையெல்லாம் மீன் கடையில் நின்றபடியே கன்னியம்மாவிடம் சொன்னேன். அம்மா சார்பில் மன்னிப்பும் கேட்டேன்.

கன்னியம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னா சொல்ற நீ? எனக்கு பர்மாம்மாவத் தெரியாதா? தெனம் எங்க வூட்டாண்ட வந்து குந்தறவங்க ஆச்சே! புள்ளைக்கு மூச்சு அடைக்குது, எங்க மாமியா வெளிய வுட மாட்டேங்குது. மஞ்ச மூஞ்சியோட இவங்க வந்து நின்னாங்களா... வுழுந்துட்டேன்!"

"அப்போ உங்க மாமியார்..?"

"அதுக்கு மட்டும் தெரியாதா? பேத்தி பொழைக்கணும்னு அதுக்கும் ஆசதான். ஊர்ல கேட்டா சொல்றதுக்கு ஒரு சாக்கு வேணுமே! ஆத்தாவே சொல்லிட்டான்னா எவன் கேப்பான்?"

எனக்குக் கோபம் வந்தது. ஒரு ஆயுசு முழுக்க அல்லவா அந்த மனுஷி குமைந்திருக்கிறாள்! "எங்கம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"கூழு எதுக்குன்னு கேட்டா 'வேண்டுதலு'ன்னுதான் சொல்வாங்க. புள்ள பொழச்ச சந்தோசத்துல ஊத்துறாங்கன்னு நெனச்சிகினு இருந்தோம். இத்தினி வேதன கீதுன்னு சத்தியமா தெரியாதும்மா" என்று கன்னியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

செல்வி போனை வைத்தார். "வுடும்மா. சொல்லிருந்தா கூழ நிறுத்திருப்பாங்க. அந்தக் கருவாட்டுக் கொழம்புக்கு இன்னிக்கும் எங்க குப்பமே ஏங்குது!"

மார்க்கெட் நடுவில் நின்று சிரித்தேன். அழுகையும் வந்துவிட்டது. நல்லது செய்ய எல்லோருக்கும் ஆசைதான் போலிருக்கிறது... ஆளாளுக்கு ஒரு சாக்குதான் தேவைப்படுகிறது.

அம்மா மேல் எந்தப் பாவமும் இல்லை என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் வருகிற ஆடிக்கு நான் போய்க் கூழ் ஊற்றலாம் என்றிருக்கிறேன் – சாக்குதான் இன்னும் கிடைக்கவில்லை!