ஒரு வினாடி ஃபைல்

பதினேழாம் நம்பர் பட்டனை அவர் அமுக்கினார். "டெஸ்ட்டிங்... டெஸ்ட்டிங்..." என்று என் குரல் வந்தது. அவர் மனைவி மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். பத்தொன்பது வருஷம் செல்போன் சர்வீஸ் கடை நடத்தியவள் நான். கோபப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், கடை வாசலில் நின்று கத்தியவர்களையும் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு பார்வையை மட்டும் அதற்கு முன் யாரிடமும் வாங்கியதில்லை.

முதலிலிருந்தே சொல்கிறேன். என் கடை பெரிய காஞ்சிபுரத்தில், ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் பின்னால் போகிற தெருவில் இருந்தது. டிஸ்ப்ளே மாற்றுவது, சார்ஜிங் பின் மாற்றுவது எல்லாம் எல்லாக் கடையிலும் உண்டு. என் கடைக்குப் பெயர் வாங்கித் தந்தது டேட்டா டிரான்ஸ்ஃபர்தான். பழைய ஃபோனில் இருப்பதைக் கம்ப்யூட்டருக்கு எடுத்து, அங்கிருந்து புது ஃபோனுக்கு ஏற்றித் தருவது. "கஸ்தூரி கையில குடுத்தா ஒண்ணும் போவாது" என்று தெருவில் சொல்வார்கள். கேட்டுக் கேட்டு எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது. அது இறங்கிய கதைதான் இது. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருப்பவர்கள் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நாற்பத்திரண்டு பட்டன்

ஏழுமலை பட்டு நெசவாளர். மல்லிகா அவர் மனைவி. இரண்டு பேரும் ஒரே தறியில் வேலை செய்கிறவர்கள். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று வருகிற கோர்வைச் சேலைக்கு ஆள் இரண்டு வேண்டும். தறிக்குழியில் உட்கார்ந்து ஏழுமலை நெய்ய, பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கான நூல் ஓடுகிற நாடாக் கட்டையை மல்லிகா போடுவார். எனக்கு நெசவு தெரியாது. தாமல் கிராமத்தில் ஏரிப் பாசனத்தில் நெல் போடுகிற குடும்பம் என்னுடையது. இதெல்லாம் மல்லிகா அக்கா சொல்லித் தெரிந்துகொண்டதுதான்.

ஒரு நாள் காலை இரண்டு பேரும் பழைய ஃபோன் ஒன்றையும் புது ஃபோன் ஒன்றையும் கொண்டுவந்து கண்ணாடி மேஜை மேல் வைத்தார்கள்.

"பழசு பாதி வேல செய்யுது, பாதி செய்ய மாட்டுது கஸ்தூரிமா. அதுல இருக்கறத இதுல போட்டுக் குடு."

"ஃபோட்டோவாக்கா? கான்டாக்ட்டா?"

"அதெல்லாம் போனாப் போவுது. இவரு பேச்சு இருக்குது அதுல."

ஏழுமலை அண்ணன் கழுத்தில் கட்டியிருந்த மெல்லிய துணியைத் தொட்டுக் காட்டினார். தொண்டையில் கட்டி வந்து, ஒரு வருஷத்துக்கு முன்னால் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். ஆபரேஷனுக்கு முன்பே ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தருகிற அம்மா ஒரு ஆப் போட்டுக் கொடுத்திருக்கிறார். அதில் படம் படமாகப் பட்டன் இருக்கும். ஒவ்வொரு பட்டனிலும் நம் குரலில் ஒன்று பதிந்து வைத்துக்கொள்ளலாம். பிறகு படத்தை அமுக்கினால் அந்தக் குரல் பேசும். ஆஸ்பத்திரியில் சேருவதற்கு முன் தறியில் இருந்த சேலையை முடித்தாக வேண்டும் என்பதால், நெய்துகொண்டே மூன்று நாளில் நாற்பத்திரண்டு பட்டன் பதிந்திருக்கிறார்.

அண்ணன் சிலதை அமுக்கிக் காட்டினார். டீ கிளாஸ் படத்தை அமுக்கினால், "டீ போடு, சக்கர கம்மியா." ஆட்டோ படத்தை அமுக்கினால், "கோயில் வாசல்ல எறக்கி உடுப்பா." பின்னால் தறிச் சத்தம் கேட்டது. கனமான, கொஞ்சம் கரகரப்பான குரல். இன்னொன்றை அமுக்கிவிட்டு மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தார். "நீ சொல்றது தப்பு" என்றது ஃபோன்.

"பாத்தியா? வாயி போறதுக்கு முன்னாடி சண்டைக்குன்னு தனியா ஒரு பட்டன் போட்டு வெச்சிக்கினாரு" என்றார் மல்லிகா. மூன்று பேரும் சிரித்தோம். அண்ணன் சிரிப்பில் காற்று மட்டும்தான் வந்தது.

கிளம்பும்போது மல்லிகா ஒன்று கேட்டார். "சாப்புடும்போது அமுத்தறதுக்கு 'போதும்'னு ஒரு பட்டன் இருக்குது. போதும்னு சொல்லிட்டு, அப்பறம் நிக்காம தறிச் சத்தமே ஓடிக்கினு இருக்கும். மறுபடி அமுத்தித்தான் நிறுத்தணும். அந்த வாலை மட்டும் வெட்டி உட்டுடுமா."

"ஆகட்டும்கா" என்றேன்.

டம்மி

ஃபோட்டோ என்றால் எங்கே இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆப் ஃபைல் அப்படி இல்லை. ஒவ்வொரு ஆப்பும் தனக்கென்று ஒரு ஃபோல்டர் வைத்துக்கொண்டு அதற்குள்ளே எல்லாவற்றையும் பூட்டி வைக்கும். ஆப்பை எடுத்தால் ஃபோல்டரும் சேர்ந்து போய்விடும். இந்த ஆப்பில் பேக்கப் எடுக்கவும் வழி இல்லை. கேபிள் போட்டுக் கம்ப்யூட்டர் வழியாக உள்ளே போனால்தான் உண்டு. அவர்கள் கொண்டுவந்தது சார்ஜ் மட்டும் ஏற்றுகிற கேபிள். என் டேட்டா கேபிளைப் போட்டேன். பின் லூஸாக இருந்ததால் கனெக்ஷன் வருவதும் போவதுமாக இருந்தது. ஃபோனையும் கேபிளையும் சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கியதும் கனெக்ஷன் அறுபடாமல் நின்றது.

ஃபோல்டரைத் திறந்தால் இருநூறுக்கு மேல் ஃபைல். பட்டன் படம், ஆப் தன் வேலைக்குப் போட்டுக்கொண்ட துண்டு துக்காணி எல்லாம் கலந்து கிடந்தது. இந்த மாதிரி இடத்தில் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. சைஸ் வாரியாக அடுக்கிவிடுவேன். பெரியதெல்லாம் சரக்கு, பொடியெல்லாம் குப்பை. பெரியதை எல்லாம் இரண்டு இரண்டு வினாடி ஓட்டிக் கேட்டு, கம்ப்யூட்டரில் காப்பி செய்தேன். பொடியில் ஒன்றே ஒன்று ஆடியோவாக இருந்தது. அதையும் ஓட்டிப் பார்த்தேன். ஒரு வினாடி. "ஹோய்!" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ரெக்கார்டிங் ஆகிறதா என்று பார்க்க ஆளாளுக்கு ஹலோ ஹலோ என்று கத்துவார்களே, அதுதான் என்று நானாக முடிவு கட்டி விட்டுவிட்டேன்.

அடுத்து புது ஃபோன். நேரடியாகக் கொண்டுபோய் ஃபைலைப் போட்டால் ஆப் ஏற்றுக்கொள்ளவில்லை. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒன்று முதல் நாற்பத்திரண்டு வரை எல்லாப் பட்டனிலும் "டெஸ்ட்டிங், டெஸ்ட்டிங்" என்று என் குரலில் டம்மி பதிந்தேன். ஆப் தானாகவே நாற்பத்திரண்டு ஃபைல் உண்டாக்கி நம்பர் போட்டுக்கொண்டது. அதே நம்பரில் அண்ணனின் ஃபைல்களை அதன் மேலேயே பேஸ்ட் செய்தேன். என் குரல் போய் அவர் குரல் வந்தது. எண்ணிப் பார்த்தேன். ஃபோல்டரில் நாற்பத்திரண்டு இருந்தது. சரி என்று திருப்திப்பட்டுக்கொண்டேன். கம்ப்யூட்டரில் இருந்தது நாற்பத்தொன்று. எண்ண வேண்டிய அந்த இடத்தில் நான் எண்ணவில்லை.

பழைய ஃபோனை எக்ஸ்சேஞ்சில் விட்டுவிடச் சொல்லியிருந்தார்கள். எக்ஸ்சேஞ்ச் பெட்டிக்குள் போகிற ஃபோனை ரீசெட் செய்யாமல் போட மாட்டேன். அன்றும் ரீசெட் செய்தேன். ரீசெட் செய்துவிட்டால் போனது போனதுதான். வால் வெட்டுகிற வேலையை மட்டும் அப்புறம் பார்க்கலாம் என்று விட்டிருந்தேன். நிஜத்தைச் சொன்னால், சோம்பல்.

பதினேழு

மதியம் வந்து, புது ஃபோனை வாங்கிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தார்கள். பட்டன்களில் இன்னும் படம் போடவில்லை. அமுக்கி அமுக்கிக் குரலைக் கேட்டுப் படத்தை அவர்களே போட்டுக்கொண்டு வந்தார்கள். பதினாறு வரை சிரிப்பும் பேச்சுமாகப் போனது. பதினேழில் என் குரல் வந்தது.

"இது எந்தப் பட்டன்கா?" என்றேன்.

"என் படம் போட்டிருந்த பட்டன்."

"அதுல இன்னா பேசியிருந்தாரு?"

"பேசலமா. என்னக் கூப்புடுவாரு." மல்லிகாவின் குரல் இறங்கியது. "இருவத்தெட்டு வருசத்துல ஒரு வாட்டி கூட பேரு சொன்னதில்ல இவரு. ஹோய்னுதான் கூப்புடுவாரு. தறியில நான் கொஞ்சம் அசந்தா ஹோய். தெருக்கோடியில நிக்கறேன்னா அங்கியும் ஹோய். இந்த ஒரு வருசமும் அந்தப் பட்டனத்தான் அமுத்திக்கினு இருந்தாரு."

மறைக்க வழி இருந்தது. ஃபோன் பழசு, ஃபைல் கெட்டிருந்தது என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள். மனசு வரவில்லை.

"அது இருந்துதுக்கா. நான் கேட்டேன். வெறும் டெஸ்ட்டுன்னு நெனச்சு நான்தான் உட்டுட்டேன்."

"பழசுல இருக்கும் இல்ல?"

"ரீசெட் பண்ணிட்டேன்கா."

அவர் கத்தவில்லை. "எல்லாத்தியும் எடுத்தியே கஸ்தூரி. என்னக் கூப்புடறத மட்டும் குப்பன்னு உட்டுட்டியே" என்றார். எழுந்து போய்க் கடை வாசற்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

நான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏழுமலை அண்ணன் மேஜையை ஒரு தட்டுத் தட்டி என்னை நிமிர வைத்தார். ஃபோனில் எதையோ தேடினார். ஒரு பட்டனை அமுக்கினார்.

"பரவால்ல, உடு" என்றது அவர் குரல்.

நாற்பத்திரண்டில் அதுவும் ஒன்று. மூன்று நாளைக்குள் குரல் போகப்போகிறது என்று தெரிந்த மனிதர், மற்றவர்களை மன்னிப்பதற்கும் ஒரு பட்டன் பதிந்து வைத்திருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வாடிக்கையாளர் முன்னால் நான் அழுதது அந்த ஒரு தடவைதான்.

வால்

கண்ணைத் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டரில் இருந்த நாற்பத்தொன்றையும் முழுசாக ஓட்டிக் கேட்கலாம் என்று உட்கார்ந்தேன். என்ன கிடைக்கும் என்று தெரியாது. சும்மா இருக்க முடியவில்லை. சைஸ் வாரியாக அடுக்கினேன். எல்லாவற்றுக்கும் மேலே, மற்றதைவிடப் பல மடங்கு பெரியதாக ஒரு ஃபைல் நின்றது. 'போதும்' பட்டன். வாலை வெட்டச் சொல்லி நான் வெட்டாமல் விட்ட ஃபைல்.

ஓட விட்டேன். "போதும்" என்றார். அப்புறம் தறிச் சத்தம். பதிவு நின்றுவிட்டது என்று நினைத்து அவர் பாட்டுக்கு நெய்துகொண்டிருக்கிறார். வாசலுக்குக் கேட்காத அளவுக்குச் சவுண்டைக் குறைத்து வைத்து, அண்ணனும் நானும் ஸ்பீக்கர் பக்கம் குனிந்து கேட்டோம். ஒரு நிமிஷம் போனது. இரண்டு போனது. மூன்றாவது நிமிஷத்தில் தறி நின்றது.

"ஹோய்! இது இன்னும் ஓடிக்கினே இருக்குது, இன்னான்னு பாரு!"

தள்ளியிருந்து மல்லிகாவின் குரல்: "அந்தச் செவப்ப அமுத்துயா!" பிறகு அண்ணன் சிரித்தார். சத்தத்தோடு, வாய்விட்டு. அதோடு ஃபைல் முடிந்தது.

அண்ணன் என் தோளைப் பிடித்தார். தன் சிரிப்பை ஒரு வருஷம் கழித்துக் கேட்கிறார் அந்த மனிதர்.

அந்த ஒரு வினாடியைத் தனியாக வெட்டி எடுத்தேன். பதினேழாம் நம்பர் போட்டு என் டம்மி மேலேயே பேஸ்ட் செய்து, சவுண்டை முழுசாக வைத்து, ஃபோனை அவர் கையில் கொடுத்தேன். மல்லிகா இன்னும் படியில்தான் நின்றிருந்தார். தெருவில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போகட்டும் என்று காத்திருந்து அண்ணன் பட்டனை அமுக்கினார்.

"ஹோய்!"

"இன்னா, தோ வரேன்" என்று திரும்பாமலேயே சொல்லிவிட்டு, மல்லிகா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு படியேறி உள்ளே இரண்டு எட்டு வைத்தார். அதற்குப் பிறகுதான் அவருக்கு உறைத்தது. நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். அண்ணன் இன்னொரு தடவை அமுக்கினார்.

"வந்துட்டன்யா" என்றார் மல்லிகா. முகத்தைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டார்.

எல்லாம் அடங்கிய பிறகு முழு ஃபைலையும் அவருக்குப் போட்டுக் காட்டினேன். முடிந்ததும், "'போதும்' பட்டன்ல அந்த வாலை இப்ப வெட்டிடட்டுமாக்கா?" என்று கேட்டேன்.

"கைய வெச்சிடாத" என்றார்.

அன்றிலிருந்து, கடையை இன்னொருவரிடம் ஒப்படைத்த நாள்வரை, ஒரு வழக்கம் வைத்திருந்தேன். ரீசெட் செய்வதற்கு முன்னால் ஃபோன்காரரைப் பக்கத்தில் உட்கார வைப்பேன். இருப்பதிலேயே பொடி ஃபைலில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகத் திறந்து காட்டுவேன். முக்கால்வாசி குப்பையாகத்தான் இருக்கும். "குப்பதான்மா, தூக்கிப் போடு" என்பார்கள். அதை அவர்கள் சொல்லட்டும் என்றுதான் காத்திருப்பேன்.