தாய்மாமனுக்கு ஒரு இன்சர்ட்

எங்கள் ஊரில் எடிட்டிங் என்று யாரும் சொல்வதில்லை. மிக்ஸிங் என்றுதான் சொல்வார்கள். கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் எங்கள் ஸ்டுடியோவில் படம் பிடிப்பவர் என் வீட்டுக்காரர், கேமராவில் சிவப்பு லைட் எரிந்து பதிவாகும் வரைக்கும் அவர் பொறுப்பு. மிக்ஸிங் நான். கல்வராயன் மலையிலிருந்து உளுந்தூர்பேட்டை வரைக்கும் எத்தனையோ பேரின் கல்யாணத்தை உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தவள். பாராட்டு மட்டும் ரொம்ப நாள் அவருக்கே போய்க்கொண்டிருந்தது. "சார் மிக்ஸிங் சூப்பரா பண்ணிக்கிறாரு" என்பார்கள். அவரும் தலையை ஆட்டிக்கொள்வார். அன்றைக்கு அவர் காபியில் சர்க்கரை கொஞ்சம் குறையும்.

இப்போது எல்லாம் கம்ப்யூட்டர். டைம்லைன் என்று ஒரு நீளப் பட்டை. அதில் வெட்டலாம், ஒட்டலாம், தப்பு செய்தால் அன்டூ. நடுவில் ஒரு காட்சியை நுழைத்தால், ஷேர் ஆட்டோவில் நல்ல மனுஷர்கள் நகர்ந்து உட்காருவதுபோல மற்றதெல்லாம் தள்ளி இடம்விடும். இதைவிடக் கேசட் காலம்தான் நன்றாக இருந்தது என்று பெருமூச்சு விடுகிறவர்கள் என்னிடம் வரவேண்டாம். கேசட் ஒரு பிசாசு. அதை அடக்கி வேலை வாங்கியவள் என்பதால் சொல்கிறேன்.

டேப்பைக் கத்திரியால் வெட்டி ஒட்டினோம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. கிடையாது. கேசட் போடும் டெக் ஒன்றில் ஓடவிட்டு, வேண்டியதை மட்டும் இன்னொரு டெக்கில் வரிசையாகப் பதிவோம். வால் பக்கமாகச் சேர்த்துக்கொண்டே போனால் அசெம்பிள். ஏற்கெனவே பதிந்ததன் நடுவில் ஒன்றைப் போட்டால் இன்சர்ட். இன்சர்ட் எதையும் தள்ளாது, மூடிவிடும். ஒருவர் உள்ளே வந்தால் அதே நீளத்துக்கு இன்னொருவர் காணாமல் போவார். போனவர் போனவர்தான்.

களமருதூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் மூத்த மகளுக்குக் கல்யாணம். எல்லாவற்றையும் ஒரே கேசட்டில் அடக்க வேண்டும் என்று பெண்ணின் அப்பா வந்து நின்றார். "சர்ச்சுலேர்ந்து தானம்மா கல்யாணம்? வூட்ல நடந்ததெல்லாம் வாணாம், எடுத்துடுங்க" என்றார். அவர் சொன்னபடியே சர்ச் வாசலில் ஆரம்பித்துக் கொடுத்தேன்.

அவருக்கு ஒன்று மறந்துவிட்டது. அந்தப் பக்கத்தில் கிறிஸ்தவ வீடானாலும் தாய்மாமன் சீர் வராமல் பெண்ணை வாசல் தாண்ட விடமாட்டார்கள். சாமி வேறு, மாமன் வேறு. சர்ச்சுக்குக் கிளம்பும் முன் வீட்டில் நடந்தது அந்தச் சீர்தான். மாமன் கேமராவில் விழுந்ததும் அதில் மட்டும்தான், மற்ற நேரமெல்லாம் பந்தி வேலையாக ஓடிக்கொண்டிருந்தார்.

கேசட் போய்ச் சேர்ந்த அன்று டிவியை வாசலில் வைத்து எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். தாய்மாமன் திருநாவலூரிலிருந்து தன் மாமனார் வீட்டு ஆட்களையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். ஒவ்வொருவரும் தன் முகம் வந்ததும் "தோ, நானு!" என்று கத்துகிறார்கள். இவர் காத்திருக்கிறார். சர்ச் முடிந்தது, சாப்பாடு முடிந்தது, கேசட்டே முடிந்தது. "இன்னாப்பா, நீ கல்யாணத்துக்குப் போனியா இல்லியா?" என்று மச்சான்காரன் ஒருவன் கேட்டிருக்கிறான். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, போட்ட சாப்பாட்டைத் தொடாமல் போனவர்தான். அக்கா வீட்டுப் பக்கமே வரவில்லை.

சில மாதம் கழித்து அந்த அக்கா, பெண்ணின் அம்மா, கேசட்டை முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். அடுத்த மகளுக்கு நிச்சயதார்த்தம் வைத்திருந்தார்கள்.

"கூப்புடப் போனா, நான்தான் உன் வூட்டுக் கல்யாணத்துலயே இல்லியேங்கறான். கூடப் பொறந்தவன் ஒருத்தன்தாம்மா எனக்கு. அவன் சீரு இல்லாம எம் பொண்ண எப்பிடிம்மா சபையில நிறுத்துவேன்? எப்பிடியாச்சும் அவன இதுக்குள்ள கொண்டாந்துடு."

கொண்டுவர அந்தக் காட்சி இருக்க வேண்டுமே. எல்லா ஸ்டுடியோவிலும் கேமரா கேசட்டைத் திரும்பத் திரும்ப உபயோகிப்பார்கள், ஒரு கல்யாணத்தின் மேல் இன்னொரு கல்யாணம் ஏறும். எனக்கு ஒரு வழக்கம் உண்டு. மிக்ஸிங்கில் சேர்த்ததை அழிக்கக் கொடுப்பேன், சேர்க்காததைக் கொடுக்கமாட்டேன். சேர்க்காததற்குத்தான் பின்னால் ஆள் வரும். "கேசட்ட அடைகாக்குறா" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அன்று பீரோவிலிருந்து சீர் இருந்த கேசட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தபோது எனக்கு எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். உச்சி குளிர்ந்துவிட்டது.

"கடைசில ஒட்டி வுடு, வேல முடிஞ்சிது" என்றார் அவர்.

"சாப்பாட்டுக்கு அப்புறமாங்க சீர் வரும்? அதுக்கு அந்த மனுஷன் வராமலே இருந்துடலாம்" என்றேன்.

சீர் சர்ச்சுக்கு முன்னால் வர வேண்டும். முதலிலிருந்து மறுபடி கோக்க வழியில்லை, சர்ச் காட்சியின் மேல் ஏற்கெனவே ஒரு காதுகுத்து ஏறிவிட்டது. வேறு கேசட்டுக்குக் காப்பி எடுத்தால் காப்பிக்குக் காப்பி முகமெல்லாம் மங்கிப் போகும். இருக்கிற கேசட்டிலேயே இன்சர்ட் போட வேண்டும். எதை மூடுவது? சர்ச்சுக்கு முன்னால் இருந்தது எங்கள் டைட்டில் மட்டும்தான். இதயத்துக்குள் பெண் மாப்பிள்ளை முகம், சுற்றும் ரோஜா, அடியில் ஸ்டுடியோ பெயர். என் வீட்டுக்காரர் ஆசை ஆசையாகச் செய்தது.

"அத்த எடுத்துட்டா நாமதான் பண்ணோம்னு யாருக்குத் தெரியும்?" என்றார்.

"எனக்குத் தெரியும். அது போதும்" என்றேன்.

சீர் டைட்டிலைவிட நீளம். மேளக்காரர் ஆட்டத்தை விட்டேன், சாமான்களைக் காட்டியதை விட்டேன். தெருமுனையில் தம்பி தட்டோடு திரும்புவதில் தொடங்கி, அக்கா வாசலில் அந்தத் தட்டை வாங்குவதோடு நிறுத்த வேண்டும். நிறுத்துவது கொஞ்சம் தாமதித்தால், அப்பா கையைப் பிடித்துக்கொண்டு பெண் காரிலிருந்து இறங்குவது அழிந்துவிடும். அந்தக் காட்சிக்கு உலகத்தில் வேறு பிரதி இல்லை. மத்தியானம் போன கரண்ட் திரும்பி வரும்வரை காத்திருந்து, இரண்டு டெக்கையும் ஓடவிட்டு, நிறுத்தும் பட்டனில் விரலை வைத்தேன். அக்காவின் கை தட்டைத் தொட்டதும் அழுத்தினேன். ஓட்டிப் பார்த்தேன். தட்டு கை மாறியது, அடுத்து கார் கதவு திறந்து பெண் இறங்கினாள். பெண்ணின் செருப்பு நுனிகூடப் போகவில்லை. அப்படி ஒரு இன்சர்ட்டை இந்த வட்டாரத்தில் வேறு யார் போட்டிருந்தாலும் எனக்குக் காட்டுங்கள்.

அக்கா அந்தக் கேசட்டைத் தம்பி வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். அவர் அதை வாங்கி வைத்துக்கொண்டதோடு சரி, வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. போட்டுப் பார்த்தாரா என்பதும் தெரியவில்லை.

நிச்சயதார்த்தத்தன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் படம் பிடித்து வந்த கேசட்டை என் மேஜைமேல் வைத்துவிட்டு, கை கால் கழுவப் போனார். டெக்கில் போட்டேன். பந்தல், வாழைமரம், நாற்காலிகள். பிறகு தெருவில் மேளச்சத்தம் கேட்டது. முன்னால் தட்டோடு தாய்மாமன்தான் வந்தார், புது வேட்டி, அதே துண்டு. வாசற்படி வரைக்கும் வந்தவர் சட்டென்று நின்றுவிட்டார். பின்னால் வந்த கூட்டமும் நின்றது, மேளமும் நின்றது. நேராகக் கேமராவைப் பார்த்துக் கேட்டார்.

"இன்னாங்க, செவப்பு லைட்டு எரியுதா? எரிஞ்சாதான் படி ஏறுவேன்."

என் வீட்டுக்காரர் வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்குள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது, அழுகையும் சிரிப்புமாக.

"எரியுதுடா! நீ உள்ள வாடா!"