சோறில்லாத கடை தேடி

ஜெர்மன் நகரமான டுசல்டோர்ஃபில், ஜப்பானியர் தெருவின் கடைசியில் ஒரு நூடில்ஸ் கடை இருக்கிறது. சுவரில் ஒரு தொலைக்காட்சி. பேஸ்பால் பருவத்தில், ஜப்பானில் இரவு நடக்கும் ஆட்டம் அங்கே மத்தியானம் நேரலையாக ஓடும். இப்போதும் அந்தக் கடைக்குள் நுழைந்தால் என் கண் நேரே போவது தொலைக்காட்சிக்குக் கீழே கிடக்கும் மூலைக் கதிரைக்குத்தான். அது அக்கா இருந்த இடம். போன மாரியில் அவரை வுப்பர்டாலில் அடக்கம் செய்தோம்.

அக்கா என் கூடப்பிறந்தவர் இல்லை. மன்னார்க்காரி. இருவரும் வுப்பர்டாலில் இருந்து விடியக் காலமை ரயிலேறி, டுசல்டோர்ஃபில் ஒரு ஹோட்டலில் அறை துப்புரவாக்கினோம். வேலை முடியும்போது எனக்குப் பசியில் கண் இருட்டும். பக்கத்தில் மலிவாகச் சாப்பிட ஏற்றது ஜப்பானியர் தெரு. அவர்கள் அங்கே கடை வைத்துத் தலைமுறைகள் கடந்துவிட்டன. பெரிய உணவகங்களுக்கு நடுவே எங்களைப் போன்றவர்கள் சாப்பிடச் சின்னக் கடைகளும் உண்டு. ஆனால் எங்கே போனாலும் மலிவென்றால் சோறுதான். சோற்று உருண்டை, சோற்றின் மேல் முட்டை, சோற்றின் மேல் கோழி. அக்காவோ சோறு தொடமாட்டார். ஊரில் நடந்த கடைசிப் போரில் காணாமல் போன மகன் வந்து சேருமட்டும் சோறில்லை என்று மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்திருந்தார். எனக்குச் சினம் வரும். "அக்கா, நீங்கள் பட்டினி கிடக்கிறதைப் பாத்து மாதா சந்தோசப்படுவாவோ?" என்று கேட்பேன். "நீ சும்மா இரு, பிள்ளை. நான் சோறு திண்டால் அவன் இல்லையெண்டு நானே சொன்ன மாதிரி" என்பார்.

அப்படி அலைந்துதான் அந்த நூடில்ஸ் கடையைக் கண்டுபிடித்தோம். சோறு அங்கேயும் உண்டு, ஆனால் நூடில்ஸும் அதே மலிவு. கடைக்காரக் கிழவருக்குப் பேஸ்பால் பைத்தியம். அவருடைய அணி வென்றால் இருக்கிற எல்லோருக்கும் இன்னொரு பங்கு நூடில்ஸ் சும்மா கிடைக்கும். அதனால் ஆட்டத்தின் தலையும் தெரியாமல் வாலும் தெரியாமல் அக்கா சிலுவை போட்டுக்கொள்வார். ஒருநாள் கிழவர் மேசையில் உப்புக் குப்பிகளை வைத்து ஜெர்மன் மொழியில் விளக்கினார். அடித்தவன் நாலு மூலையும் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தால்தான் புள்ளி. அன்றிலிருந்து பந்தையோ மட்டையையோ அக்கா பார்த்ததில்லை. கடைசி மூலையில் ஓடக் காத்து நிற்பவனையே பார்த்துக்கொண்டு, "வா ராசா, வா" என்பார். கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

பிறகொரு வெயில் காலம். அக்காவுக்கு வேலையில் விடுப்பு நாள்; நான் தனியே வேலை முடித்துக் கடையில் இருந்தேன். ஆனாலும் கோயில் சேலையோடு கடைக்கு வந்து, வழமையான கதிரையில் இருந்தார். கிழவர் வழக்கம்போல நூடில்ஸை எடுக்கப் போக, அக்கா கையைக் காட்டி மறித்துப் பக்கத்து மேசையில் இருந்த முட்டைச் சோற்றுக் கிண்ணத்தைக் காட்டினார். எழும்பி அவர் கையைப் பிடித்தேன்.

"அக்கா! மகன்ர செய்தி வந்திட்டுதோ?"

"இல்லை. ஒண்டும் வரேல்லை." கிழவர் கொண்டுவந்து வைத்த கிண்ணத்தைக் கிட்ட இழுத்தார். "காலமை கோயிலுக்குப் போய், செத்த ஆக்களுக்கு வைக்கிற பூசைக்கு அவன்ர பேரைக் குடுத்திட்டன். இனி எனக்குக் காத்திருக்க ஏலாது, பிள்ளை. அவனாவது ஆறுதலாக் கிடக்கட்டும்."

இத்தனை காலம் சாப்பிடச் சொல்லி நச்சரித்தவள் நான்தான். இப்போது அந்தக் கிண்ணத்தைப் பறித்து எறியலாமா என்றிருந்தது. அக்கா சாப்பிடும் குச்சிகளை ஒதுக்கி வைத்தார். சட்டையில் சாறு படாமல் குச்சியால் சாப்பிடும் மற்றவர்களுக்கு நடுவே, சோற்றையும் முட்டையையும் வெறுங்கையால் பிசைந்தார். ஒரு வாய் சாப்பிட்டார். மெல்ல மெல்ல மென்றார்.

"குழைஞ்ச சோறு. அவனுக்கு இப்பிடித்தான் விருப்பம். நான் குழைச்சுக் குடுத்தால்தான் வாங்குவான்."

தொலைக்காட்சியில் யாரோ ஓங்கி அடித்திருக்கவேண்டும். கடை முழுவதும் எழும்பிக் கைதட்டியது. அக்கா நிமிரவில்லை. அடுத்த பிடியை உருட்டினார். அது அவர் வாய்க்குப் போகவில்லை. உருண்டையை ஏந்திய கை மேசைக்கு மேலே அப்படியே நின்றது, வாங்க ஆளில்லாமல்.

நான் என் கையை நீட்டினேன்.