நிறமில்லாத துளைகள்

என் கையெழுத்து கோணல், பிழையும் நிறைய இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாரெட்பள்ளியில் கம்ப்யூட்டரில் பரீட்சை நடத்தும் இடமொன்றில் நானும் என் கூட்டாளியும் வயர் மாட்டும் வேலை பார்த்தோம். இருவருக்கும் இங்கிலீஷ் எழுத்து தெரியாது, தேவைப்படவும் இல்லை. பெட்டியின் பின்னால் ஊதாத் துளை கீபோர்டுக்கு, பச்சை மவுசுக்கு, நீலம் திரைக்கு. நிறத்தோடு நிறம் சேர்த்தால் முடிந்தது. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் அவன். வாய் திறக்கக் கூசும் எனக்காக மேனேஜரிடம் பேசி வேலையில் சேர்த்துவிட்டவனும் அவனே.

போன வருடம் புதுக் கம்ப்யூட்டர்கள் வந்தன. எல்லாத் துளையும் கறுப்பு. திரை வயருக்கு இரண்டு துளை, மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டும் ஒரே மாதிரி. கொண்டுவந்தவர் மாட்டிக் காட்டியபோது கூட்டாளி டீ வாங்கப் போயிருந்தான். கீழே மாட்டினால்தான் படம் வரும் என்பதை நான் மட்டும் பார்த்தேன்.

அன்று மாலை மேனேஜர் சொன்னார்: "இனிமே ஒருத்தர் போதும். நாளைக்கு ஆளுக்கு ஒண்ணு மாட்டிக் காட்டுங்க."

பஸ் நிறுத்தத்தில் கூட்டாளி கேட்டான். "அண்ணே, அந்த ஆள் மாட்டுனத பாத்தீங்களா?"

"சரியா கவனிக்கலப்பா."

"ஹவ், சரி விடுங்க. நாளைக்குப் பாத்துக்கலாம்."

மறுநாள் அவன் மேலே மாட்டினான். திரை இருட்டாகவே இருந்தது.

"பக்கத்துல எழுதியிருக்குல்ல, படிய்யா," என்றார் மேனேஜர். அவன் அந்த எழுத்துகளை விரலால் தடவினான். "தடவினா சொல்லிடுமா? பச்சை, ஊதான்னு இத்தனை வருசம் இங்க ஹோலி விளையாடிட்டு இருந்திருக்கான்."

பரீட்சைக்கு வருபவர்களின் பெயர் பதியும் பெண்கள் சிரித்தார்கள்.

"மாத்திப் பாக்கிறேன் சார்."

"நக்கோ, வேணாம். பரீட்சைக்கு வர்ற பிள்ளைங்க நீ மாத்துற வரைக்கும் உக்காந்திருக்குமா?"

அவன் என்னைப் பார்த்தான். நான் சுத்தமாக இருந்த கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். என் முறை வந்ததும் கீழே மாட்டினேன். படம் வந்தது.

போகும்போது, "நீங்களாச்சும் இருக்கீங்களே அண்ணே, அது போதும்," என்றான். சந்தேகப்படவே இல்லை.

பிறகு ஒருமுறை மல்காஜ்கிரி ஸ்டேஷனில், மூட்டை சுமந்து வந்த அவனைக் கண்டு தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். கூச்சம் என்று மனைவியிடம் சொன்னேன். கூச்சம் இல்லை. எனக்கு இன்னும் அந்த வேலை இருக்கிறது.

ஞாயிறு, 9 மார்ச் 2025.