கோபக்காரர் வீட்டுக்கு முதல் அழைப்பு

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ்ஸில், மடியில் ஒரு தாம்பாளத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், குங்குமச் சிமிழ், நடுவில் ஓர் அட்டை. நான் செய்த வீடியோ கேமை இலவசமாக இறக்கிக்கொள்வதற்கான கீ எண் அதில் அச்சாகியிருந்தது. நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. பக்கத்துப் பெரியவர், "யாருக்குய்யா கல்யாணம்?" என்று கேட்டார். மானம் போகிறதே என்று ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். முன்சீட்டில் இருந்த என் மதினிக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. "கேமு வெளிய வருது பெரியப்பா, அதுக்கு அழைக்கப் போறோம். நீங்களும் வந்துருங்க" என்றார். பெரியவரும் பெருந்தன்மையாகத் தலையை ஆட்டினார்.

அண்ணன் ராணுவத்தில் இருந்தான். தளவாய்புரத்தில் பிறந்த மதினி எங்கள் வீட்டு முன்னறையில் மிஷின் போட்டு நைட்டி தைத்துக்கொண்டிருந்தார். என்னைவிட ஒன்றிரண்டு வயதுதான் மூத்தவர். சென்னை வேலையை உதறிவிட்டு வந்து அதே முன்னறையின் இன்னொரு மூலையில் நான் கம்ப்யூட்டரைப் போட்டேன். மினி பஸ் கண்டக்டராக ஆடும் கேம் அது. சேத்தூரில் யார் இறங்க வேண்டும், யாருடைய தேங்காய் மூட்டை எந்த சீட்டுக்கு அடியில் கிடக்கிறது என்று நினைவில் வைத்திருந்தால் ஜெயிக்கலாம். தனியாளாகக் கேம் செய்ய இன்று பெரிய சிரமம் இல்லை. கேமை இயக்கும் எஞ்சின் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. படம் வரைய, சத்தம் சேர்க்க எல்லாவற்றுக்கும் கருவி இருக்கிறது. ஆனால் இப்படி ஒரு கேம் இருப்பதை ஊருக்குச் சொல்வதற்குள் தாவு தீர்ந்துவிடுகிறது. வெளியாகும் அன்று ஆள் வராவிட்டால் இணையக் கடை நம் கேமை யார் கண்ணிலும் படாத மூலைக்குத் தள்ளிவிடும். பழைய கம்பெனி திரும்பக் கூப்பிட்டிருந்தது. கேம் வெளியான கையோடு பதில் சொல்வதாக அவர்களிடம் தவணை வாங்கியிருந்தேன். கேம் படுத்துவிட்டால் மறுபடி சென்னை, மறுபடி அடுத்தவர் வேலை, அவ்வளவுதான்.

கேம் ஆடி நேரலையில் காட்டும் ஸ்ட்ரீமர்களுக்கெல்லாம் ஒரு மென்பொருளை வைத்து ஒரே மின்னஞ்சலை மொத்தமாக அனுப்பினேன். ஈ காக்கை திரும்பிப் பார்க்கவில்லை. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்து மதினி மிஷினை நிறுத்தினார்.

"என்ன கொழுந்தனாரே, கப்பல் கவுந்துட்டா?"

சொன்னேன்.

"பேரு கூடப் போடாம எல்லாருக்கும் ஒண்ணேவா அனுப்புனீய? நல்லா வருவாவ! விசேசத்துக்குப் போன்ல சொன்னாலே நம்மாளுக மொகத்தத் தூக்கி வச்சுக்கிடுவாவ. சரி, ஒங்க மேல கோவமா இருக்குத ஆளு யாரு? அவிய வீட்டுக்குத்தான் மொதல்ல போவணும்."

எங்கள் பக்கத்து வழக்கம் அது. கல்யாணம் வைத்தால், பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி வீட்டுப் படிதான் முதலில் ஏறுவார்கள். அவர் வந்துவிட்டால் அவரைப் பார்த்து மற்றவர்களும் வந்துவிடுவார்கள். எனக்கும் அப்படி ஒருவன் இருந்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்து ஸ்ட்ரீமர். என் டெமோவை ஆடி, பஸ்ஸுக்குப் பின்னால் பயணிகள் அந்தரத்தில் தொங்கும் பிழையைக் காட்டி, "பேய் பஸ்" என்று ஒரு மணி நேரம் சிரித்தவன். கோபம் அவனுக்கில்லை, எனக்குத்தான்; அவன் பெயரைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். முடியவே முடியாது என்றேன். மதினி தன்னிடம் நைட்டி வாங்கும் கடைக்காரம்மாவிடம் விசாரித்து அவன் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் ஓய்ந்தார்.

கதவைத் திறந்த அவன் அம்மா, தட்டைப் பார்த்ததும் என்ன ஏதென்று கேட்காமல் உள்ளே அழைத்து மோர் கொடுத்தார். கழுத்தில் ஹெட்போனோடு வெளியே வந்தவன் என்னைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான். மதினி எழுந்து தட்டை நீட்டினார்.

"தம்பி, வார வெள்ளிக்கெழம எங்க வீட்டு கேமு வெளிய வருது. நீங்க முன்ன நின்னு நடத்தித் தரணும்."

"அக்கா, அதக் கிண்டல் பண்ணதே நாந்தான்."

"தெரியும்யா. அதான் ஒங்க வீட்டுக்கு மொதல்ல வந்தோம்."

எங்க வீட்டு கேமு! அதுவரை வீட்டில் எல்லாரும் "அவன் என்னமோ பண்ணுதான்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அம்மா அவன் முதுகில் ஒன்று வைத்து, இரண்டு கையாலும் தட்டை வாங்கச் சொன்னார். வாங்கியவன் என்னை உள்ளே கூட்டிப்போய் என் டிரெய்லரைப் போட்டான். "மலையும் மேகமுமாப் போவுது, பஸ்ஸே வரலியேண்ணே. மொதல்லயே கூட்டத்துல டிக்கெட் போடுறதக் காட்டுங்க" என்றான். நியாயம்தான். அன்றைக்கே மாற்றினேன். மற்ற ஸ்ட்ரீமர்களுக்கும் தனித்தனியாக எழுதினேன். ஒவ்வொருவருடைய நேரலையையும் ஒரு தடவையாவது முழுதாகப் பார்த்த பிறகே எழுத மதினி விட்டார். "அவிய வீட்டு வாசலக் கூட மிதிக்காம அழைப்பீயளோ?" என்று அதட்டல் வேறு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவன் நேரலையைத் தொடங்கினான். "கிண்டல் பண்ண என்னைய வீடு தேடி வந்து வெத்தல பாக்கு வச்சு அழைச்சாவ. நீங்களும் வாங்க" என்றான். வந்தார்கள். அவன் ஆடியதைப் பார்த்து, நான் எழுதியிருந்த மற்றவர்களும் ஒவ்வொருவராக ஆடத் தொடங்கினார்கள். பெரிய பணமெல்லாம் கொட்டிவிடவில்லை. இந்த ஊரிலேயே இருந்து அடுத்த கேம் செய்யப் போதுமாக இருந்தது. சென்னைக்கு வரவில்லை என்று கம்பெனிக்கு எழுதிவிட்டு, மதினியிடம் அதைச் சொல்ல வந்தேன். மதினி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஊசியக் கோக்கவிடாம என்ன பேச்சு" என்று மிஷினுக்குள் குனிந்துகொண்டார்.

இப்போது மதினி அண்ணனோடு வடக்கே ராணுவக் குடியிருப்பில் இருக்கிறார். முன்னறை முழுக்க எனக்குத்தான். மிஷின் சத்தம் இல்லாமல் வேலை ஓட மாட்டேன் என்கிறது. இரண்டாவது கேம் முடிந்துவிட்டது. தேதி குறித்த சந்தோஷத்தில் மதினிக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.



"போன்லயா சொல்லுதீய?" என்று கேட்டு வைத்துவிட்டார்.

நாளைக்கு டெல்லி ரயில். தாம்பாளம் பையில் இருக்கிறது. வெற்றிலை வாடாமல் இருக்க ஈரத்துணி சுற்றியிருக்கிறேன்.